பல ஆண்டு ஓடும் டி அண்ட் டி ஆட்டத்தில் குழுவை எப்படிக் காப்பாற்றுவது?

கேள்வியின் சாரத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ஐந்து ஆட்டக்காரர்கள், கதையையும் அதன் உலகத்தையும் நடத்தும் ஒரு டஞ்சன் மாஸ்டர். ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி, பகடை உருட்டி மேசையில் ஆடும் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸில் (டி அண்ட் டி), மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை என்ற கணக்கில் இரண்டரை ஆண்டுகளாக ஒரே கேம்பெயின், அதாவது ஒரே தொடர்கதை. 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பின் விதிகள். பாத்திரங்கள் ஒன்பதாம் நிலையைத் தொட்டுவிட்டன (அனுபவப் புள்ளிகள் சேரச் சேர ஏறும் வலிமைப் படிதான் நிலை). மந்திரவாதி எந்தச் சிக்கலையும் இரண்டு மந்திரத்தில் முடித்துவிடுகிறார். வீரனாக ஆடுபவர் தன் முறை வரும்வரை கைபேசியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். திருடியாக ஆடுபவர் குழுவின் பொதுப் பையிலிருந்தே எடுக்கிறார், கேட்டால் "என் பாத்திரம் அப்படித்தான் செய்யும்" என்கிறார். மதகுருவாக ஆடுபவருக்கு அந்தப் பாத்திரம் அலுத்துவிட்டது, சொல்லத் தயக்கம். பாணனாக ஆடுபவர் எல்லோருக்கும் நடுவில் சமாதானம் பேசிக்கொண்டிருக்கிறார். "இவர்கள் ஏன் சேர்ந்து சுற்றுகிறார்கள் என்பதே எங்களுக்கு மறந்துவிட்டது. நிறுத்திவிட்டுப் புதிதாகத் தொடங்கலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

நிறுத்த வேண்டாம். நான் பதினோரு ஆண்டுகளாக ஒரே கேம்பெயினை நடத்திவருகிறேன். முதல் நாள் மேசையில் இருந்த ஐந்து பாத்திரங்களில் இன்று ஒன்றுதான் மிச்சம். ஆட்டக்காரர்களில் மூவர் இன்னும் வருகிறார்கள், இருவர் இடையில் சேர்ந்தவர்கள். நீங்கள் சொல்லும் அத்தனையும் எங்கள் மேசையிலும் நடந்திருக்கின்றன, ஏறக்குறைய இதே கட்டத்தில். நீங்கள் ஐந்து பேரின் ஐந்து தொல்லைகளை எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது ஒரே தொல்லையாகத்தான் தெரிகிறது. பாத்திரங்களை இறுகப் பிடித்துவைத்திருக்கிறீர்கள். குழு என்ற ஒன்றுக்கு எதுவும் கொடுக்காமல் விட்டுவிட்டீர்கள். அதற்கென்று ஒரு வீடு இல்லை, கடன் இல்லை, பெயர்கூட இல்லை. ஐந்து பேர் ஒரே சத்திரத்தில் தங்கியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

இது உங்கள் குறை மட்டுமல்ல. இந்த ஆட்டம் வளர்ந்த விதத்திலேயே இந்த முடிச்சு இருக்கிறது. இந்த ஆட்டத்தை உருவாக்கிய கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் 1974இல் வெளியிட்ட முதல் பெட்டியில் மூன்று சிறு புத்தகங்கள் இருந்தன. ஒரு கேம்பெயினில் நான்கிலிருந்து ஐம்பது ஆட்டக்காரர்கள் வரை இருக்கலாம், நடுவர் (இன்றைய டஞ்சன் மாஸ்டர்) ஒருவருக்கு இருபது பேர் என்பது ஏற்ற விகிதம் என்று அதில் எழுதியிருக்கிறது. இருபது பேரை ஒரே மேசையில் உட்காரவைத்து ஆட முடியாது. அவர்கள் மனத்தில் இருந்த கேம்பெயின் வேறு. விஸ்கான்சின் மாநிலத்தின் லேக் ஜெனீவாவில் கைகாக்ஸ் நடத்திய கிரேஹாக் ஆட்டத்தில், அன்று யார் வந்தார்களோ அவர்கள்தான் அன்றைய குழு. நிலவறைக்குள் இறங்கி, கிடைத்ததைப் பங்கு போட்டு, மேலே வந்தால் குழு கலைந்துவிடும். அங்கே ஆடிய ராப் குன்ட்ஸின் ரோபிலார் என்ற வீரன் கூட்டாளிகளை நம்பாமல் தனியாகவே உள்ளே போய்வருவான். ஒருவரே இரண்டு மூன்று பாத்திரங்களை வைத்திருப்பதும் சாதாரணம். இவன் காயம்பட்டுப் படுத்திருந்தால் இன்று அவனை அழைத்துப் போகலாம். அந்த உலகத்தில் "குழு ஏன் சேர்ந்திருக்கிறது" என்ற கேள்வியே எழவில்லை, ஏனென்றால் அது சேர்ந்தே இருக்கவில்லை.

பத்து ஆண்டில் நிலைமை மாறியது. 1984இல், ஆட்டத்தை வெளியிட்டுவந்த டி.எஸ்.ஆர். நிறுவனம் டிராகன்லான்ஸ் சாகசத் தொடரைக் கொண்டுவந்தது. பாத்திரங்களை நிறுவனமே எழுதிக் கொடுத்தது, கதை ஒரு சாகசப் புத்தகத்திலிருந்து அடுத்ததற்குத் தொடர்ந்தது. நடுவில் யாராவது செத்துவிட்டால் கதை நின்றுவிடும் என்பதற்காக, முக்கியமானவர்களின் சாவை உறுதிப்படுத்தாமல் மங்கலாக விட்டுவிடுங்கள், பின்னால் திரும்பி வரலாம் என்றுகூட அதில் விதி இருந்தது. ஒரே ஐந்தாறு நாயகர்கள், முதலிலிருந்து முடிவுவரை ஒரே கதை என்று இன்று நாம் எல்லோரும் இயல்பாக நினைத்துக்கொள்ளும் வடிவம் பெரும்பாலும் அங்கிருந்து பரவியதுதான்.

நமக்கு இரண்டு பக்கத்துச் சொத்தும் வந்து சேர்ந்திருக்கிறது. விதிகள் முதல் காலத்தவை: புதையலைப் பங்கு போடு, அனுபவப் புள்ளி சேர், மேலே ஏறு. எதிர்பார்ப்பு இரண்டாம் காலத்தது: இவர்கள் ஒருவருக்காக ஒருவர் உயிரைக் கொடுப்பவர்கள். பங்கு பிரிக்க மட்டும் கூடும் உறவினரிடம் பாசத்தை எதிர்பார்த்தால் என்ன கிடைக்கும்? பங்காளிச் சண்டைதான் கிடைக்கும். உங்கள் திருடியின் கதை அதுதான்.

அவரைப் பற்றியே முதலில் பேசலாம், ஏனென்றால் அங்கேதான் கோபம் அதிகம். திருடன் என்ற தொழில் 1974 பெட்டியில் இல்லை. வீரன், மந்திரவாதி, மதகுரு மூவர்தான். 1975இல் வந்த கிரேஹாக் இணைப்புப் புத்தகத்தில் திருடன் வந்தான். பாலடின் என்ற தர்மவீரனும் அதே புத்தகத்தில்தான் வந்தான். களவாடுவதற்கென்று ஒருவன், களவைப் பொறுக்காதவன் ஒருவன், இருவரும் ஒரே ஆண்டில் ஒரே கூட்டத்தில் வந்து உட்கார்ந்தார்கள். அன்று தொடங்கிய சச்சரவு இன்றும் ஓயவில்லை. ஆகவே உங்கள் தோழி கெட்டவர் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பாத்திரத் தாளில் "திருடி" என்று எழுதியிருப்பதை அவர் நம்புகிறார்.

ஆனால் "என் பாத்திரம் அப்படித்தான் செய்யும்" என்ற பதிலை ஏற்கக் கூடாது. பாத்திரத்துக்கென்று தனி மனம் கிடையாது. வேடம் கட்டியவர்தான் ஒவ்வொரு கணமும் முடிவெடுக்கிறார். ஒரு திருடி பொதுப் பையிலிருந்து எடுக்காமல் இருப்பதற்கும் நூறு காரணங்கள் உண்டு. இவர்கள் மட்டும்தான் தன்னை நம்பியவர்கள் என்பது ஒரு காரணம். சொந்த வீட்டில் கைவைக்காதே என்று தொழில் சொல்லிக் கொடுத்தவள் சொன்னது இன்னொன்று. அவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்படி அவரைக் கேட்பதில் தவறே இல்லை. இதை ஆட்டத்துக்கு வெளியே, இருவர் மட்டும் இருக்கும்போது கேளுங்கள். ஆட்டத்துக்குள்ளேயே அவருக்குத் தண்டனை கொடுத்து வழிக்குக் கொண்டுவரப் பார்க்காதீர்கள். பையில் பொறி வைப்பது, காவலரிடம் பிடித்துக் கொடுப்பது எல்லாம் சண்டையை வளர்க்கும்.

எங்கள் மேசையில் இதே நடந்தது. அப்போது நான் கவனிக்காமல் விட்ட ஒன்றைச் சொல்கிறேன். எங்கள் திருடனாக ஆடிய நண்பர், மதகுருவின் வெள்ளி மோதிரத்தை எடுத்துவிட்டார். அன்று இரவு என் குறிப்பு நோட்டை எடுத்துக் கடைசி எட்டு அமர்வுகளைப் புரட்டினேன். காடு, சதுப்பு நிலம், பாழடைந்த கோபுரம், மறுபடியும் காடு. எட்டு அமர்வுகளில் ஒரு பூட்டுகூட இல்லை. ஏற ஒரு மதில் இல்லை, ஏமாற்ற ஒரு வணிகன் இல்லை. நான்கு மாதமாக அந்த மனிதர் தன் தொழிலைச் செய்ய வெளியே ஒரு பொருளும் இல்லாமல் உட்கார்ந்திருந்தார். எடுக்கத் தகுந்தது என்று மேசையில் இருந்தது அந்த மோதிரம் ஒன்றுதான். அடுத்த அமர்வில் ஒரு துறைமுக நகரத்தைக் கொண்டுவந்தேன், அங்கே ஒரு சுங்கச் சாவடி, அதன் பெட்டகத்தில் குழுவுக்கே தேவையான ஒரு பத்திரம். அதன் பிறகு அவர் கூட்டாளிகளின் பையைத் தொட்டதே இல்லை. உங்கள் குறிப்புகளையும் புரட்டிப் பாருங்கள். உங்கள் திருடி கடைசியாக வெளியே எதைத் திருடினார் என்று கேட்டுப் பாருங்கள்.

மந்திரவாதி, வீரன் விஷயத்துக்கு வருகிறேன். இதில் நட்புப் பேச்சால் ஆவது குறைவு, கணக்கு வேண்டும். ஐந்தாம் பதிப்பில் ஒன்பதாம் நிலை மந்திரவாதிக்கு ஒரு நாளைக்குப் பதினான்கு மந்திர இடங்கள்; ஒரு மந்திரம் போட்டால் ஓர் இடம் செலவாகும். அந்தப் பதிப்பின் டஞ்சன் மாஸ்டர் கையேடு, ஒரு சாகச நாளில் ஆறிலிருந்து எட்டு நடுத்தர அல்லது கடினமான மோதல்களைக் குழு தாங்கும் என்ற கணக்கில் எழுதப்பட்டது. நம்மில் யார் அப்படி ஆடுகிறோம்? ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு சண்டை, மிஞ்சினால் இரண்டு, பிறகு எல்லோரும் படுத்துத் தூங்கி எழுந்துவிடுகிறார்கள். எட்டுக்குப் பிரித்துச் செலவழிக்க வேண்டிய பதினான்கையும் அவர் ஒன்றிலேயே கொட்டுகிறார். வாளுக்கு அப்படி அளவு கிடையாது, எட்டாவது சண்டையிலும் முதல் சண்டை போலவே வெட்டும். அந்த எட்டாவது சண்டை வந்தால்தானே வீரனின் அருமை தெரியும்?

இதற்கு எளிய மருந்து அதே கையேட்டில் இருக்கிறது. குறு ஓய்வுக்கு எட்டு மணி நேரம், செலவான மந்திர இடங்கள் திரும்பிவரும் நெடு ஓய்வுக்கு ஏழு நாள் என்று மாற்றிக்கொள்ளும் மாற்று விதி அது. எங்கள் மேசையில் ஆறு ஆண்டுகளாக அப்படித்தான். ஒரு வாரம் பாதுகாப்பாகப் படுத்திருக்க ஓர் ஊர் வேண்டும். அதனால் ஊர்கள் முக்கியமாகின்றன, பயணம் பயணமாக உணரப்படுகிறது, மந்திரவாதி ஒவ்வொரு மந்திரத்துக்கும் முன் யோசிக்கிறார். ஆனால் சொல்லாமல் கொள்ளாமல் இதைக் கொண்டுவராதீர்கள். மந்திரவாதியாக ஆடுபவர் இரண்டரை ஆண்டு உழைத்து இந்த நிலைக்கு வந்திருக்கிறார், அவரிடமிருந்து பிடுங்குவதாக இருக்கக் கூடாது. காரணத்தைச் சொல்லிக் கேளுங்கள். ஏற்கவில்லை என்றால் விட்டுவிட்டு, வீரனுக்குக் கொடுக்கும் வழியைப் பாருங்கள்.

வீரனுக்கு என்ன கொடுப்பது? பழைய விதிகளில் அழகான பதில் இருந்தது. 1978இல் வந்த ஆட்டக்காரர் கையேட்டின்படி, ஒன்பதாம் நிலையை எட்டிய வீரன் பிரபு ஆகிறான். கோட்டை கட்டி, சுற்றுப்புறத்தை அரக்கர்களிடமிருந்து மீட்டால் படைவீரர்கள் வந்து அவன்கீழ்ச் சேருவார்கள், அங்கே குடியிருப்பவர்களிடம் வரி வாங்கலாம். மந்திரவாதிக்கு மந்திரம் வளர வளர வீரனுக்கு ஆளும் நிலமும் வளர வேண்டும் என்பதுதான் அந்த அமைப்பு. பிந்திய பதிப்புகள் மந்திரத்தை வைத்துக்கொண்டு ஆளையும் நிலத்தையும் விட்டுவிட்டன. வீரனுக்குக் கூடுதலாக ஒரு வெட்டு கிடைத்தது, ஊர் கிடைக்கவில்லை. உங்கள் குழு சரியாக ஒன்பதாம் நிலையில் நிற்கிறது என்பது எனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது. அவருக்கு ஓர் ஆற்றுக் கடவையைக் கொடுங்கள், அதைக் காக்க முப்பது பேரைக் கொடுங்கள். அந்த முப்பது பேருக்கும் சோறு போட வேண்டும், அவர்களில் ஒருவன் குடிகாரன், இன்னொருவன் காதலித்துவிட்டான். அடுத்த அமர்வில் அவர் கைபேசியை எடுக்கிறாரா என்று பாருங்கள்.

இப்போது நடுத்தூணுக்கு வருகிறேன். குழுவைக் குழுவாக நினைத்து உருவாக்கப்பட்ட ஆட்டங்கள் உண்டு. ஜோனதன் ட்வீட்டும் மார்க் ரெய்ன்-ஹேகனும் 1987இல் உருவாக்கிய ஆர்ஸ் மாஜிகாவை நான் எவருக்கும் பரிந்துரைப்பேன், ஆடாவிட்டாலும் படிக்கவாவது வேண்டும். அதில் மையம் ஒரு தனி நாயகன் அல்ல, மந்திரவாதிகள் கூடி வாழும் ஒரு மடம். ஒவ்வோர் ஆட்டக்காரரும் ஒரு மந்திரவாதியையும் ஒரு தோழரையும் வைத்திருப்பார்; காவலாளிகளும் வேலையாட்களும் எல்லோருக்கும் பொது. இன்றைய பயணத்துக்கு யார் போவது என்று பேசி முடிவு செய்வார்கள், மற்றவர்களின் மந்திரவாதிகள் மடத்தில் உட்கார்ந்து நூல் படித்துக்கொண்டிருப்பார்கள். பருவங்கள் ஓடும், ஆட்கள் மூப்படைவார்கள், மடம் நிற்கும். வலிமையில் மலைக்கும் மடுவுக்குமான வேறுபாடு இருந்தும் அங்கே பொறாமை எழுவதில்லை. ஏனென்றால் அடுத்த வாரம் நான் மந்திரவாதி, நீங்கள் ஈட்டிக்காரன்.

அந்த மடத்திலிருந்துதான் எங்கள் படகு வந்தது. மூன்றாம் ஆண்டில் எங்கள் குழுவும் உங்களுடையதைப் போலவே கலையும் நிலையில் இருந்தது. ஒரு பழைய ஆற்றுப் படகைக் குழுவின் தலையில் கட்டினேன், அதன் மேல் எண்ணூறு பொன் கடனோடு. மேசையில் வைக்க ஒரு கணக்கு நோட்டும் வாங்கினேன். கடைகளில் நீளவாட்டில் திறக்குமே, சிவப்பு முதுகு போட்ட அந்த நோட்டு. வரவு, செலவு, யாருக்கு எவ்வளவு பாக்கி என்று ஆட்டக்காரர்கள்தான் எழுதுவார்கள். படகில் வேலைக்குச் சேரும் ஒவ்வொரு பாத்திரமும் அதில் கையெழுத்துப் போட வேண்டும். மதகுருவாக ஆடும் நண்பர் ஒவ்வொரு முறையும் பச்சை மையில் போடுவார். முதல் ஆண்டிலேயே கடன் அடைந்துவிட்டது. ஆனால் அதற்குள் அந்தப் படகுக்காக இரண்டு முறை சண்டை போட்டிருந்தார்கள், பாயை மாற்றியிருந்தார்கள், பெயர் வைத்திருந்தார்கள். "ஏன் சேர்ந்திருக்கிறோம்" என்று அதன் பிறகு யாரும் கேட்கவில்லை. படகை யார் ஓட்டுவது?

படகுதான் வேண்டும் என்றில்லை. ஒரு சத்திரம், ஒரு அநாதைக் குழந்தை, ஒருவருக்குக் கொடுத்த வாக்கு, எதுவானாலும் சரி. அது மூன்று விதத்தில் இருந்தால் நல்லது என்று அனுபவத்தில் கண்டேன். தனியொருவரால் பார்த்துக்கொள்ள முடியாததாக இருக்க வேண்டும். விட்டுவிட்டுப் போனால் கெட்டுப்போவதாக இருக்க வேண்டும். எந்த ஒரு பாத்திரத்தின் முன்கதைக்கும் சொந்தமில்லாததாக இருக்க வேண்டும். கடைசியாகச் சொன்னதில்தான் பலர் தவறுகிறார்கள். ஒருவரின் காணாமல் போன தங்கையைத் தேடுவது குழுவின் நோக்கமாகிவிட்டால், மற்ற நால்வர் துணைக்கு வந்தவர்கள் ஆகிவிடுகிறார்கள். தங்கை கிடைத்த அன்று ஆட்டமும் முடிந்துவிடும்.

இன்னொன்றையும் கணக்கிட்டுப் பாருங்கள். இரண்டரை ஆண்டு ஆடியிருக்கிறீர்கள், ஆட்ட உலகத்தில் எத்தனை நாள் ஓடியிருக்கிறது? எங்கள் முதல் இரண்டு ஆண்டுகளை நான் எண்ணியபோது நாற்பத்தொரு நாள் வந்தது. நாற்பத்தொரு நாளில் ஒரு விவசாயி மகன் உலகத்தைக் காக்கும் வீரனாகிவிட்டான், யாருக்கும் முடிகூட வளரவில்லை. அப்படிப்பட்ட ஓட்டத்தில் நட்பு எங்கே விளையும்? நேரக் கணக்கைக் கண்டிப்பாக எழுதிவைக்காமல் பொருளுள்ள கேம்பெயின் நடத்த முடியாது என்று கைகாக்ஸ் 1979 டஞ்சன் மாஸ்டர் கையேட்டில் முழுக்கப் பெரிய எழுத்தில் அச்சிட்டார். பலர் அதைக் கணக்குப்பிள்ளையின் கெடுபிடி என்று நினைத்துக் கடந்துவிடுகிறார்கள். எனக்கு அந்தக் கையேட்டில் மிகப் பிடித்த வரி அதுதான். காலம் ஓடினால்தான் கடன் வட்டி போடும், காயம் ஆறும், பகைவன் பலம் பெறுவான், யாருக்கோ குழந்தை பிறக்கும்.

காலத்தை ஓடவிட்டவர்களில் முதலிடம் கிரெக் ஸ்டாஃபோர்டுக்கு. ஆர்தர் மன்னனின் வீரர்களைப் பற்றிய அவருடைய பென்டிராகன் என்ற ஆட்டம் 1985இல் வந்தது. வழக்கமாக ஓர் அமர்வுக்கு ஓராண்டு. சாகசம் முடிந்ததும் குளிர்காலம் வரும். மூப்பு, திருமணம், பிள்ளைப்பேறு, நிலத்தின் விளைச்சல், குதிரை பிழைத்ததா என்பதுவரை பகடை போட்டுப் பார்ப்பார்கள். 2006இல் அவர் வெளியிட்ட பெரும் கேம்பெயின் நூல் கி.பி. 485இல் தொடங்கி ஏறக்குறைய எண்பது ஆண்டுகள் ஓடுகிறது. தாத்தாவாக ஆடத் தொடங்குபவர் பேரனாக முடிப்பார். அங்கே யாரும் பாத்திரத்தை இழப்பதற்கு அஞ்சுவதில்லை. குடும்பம் இருக்கிறது, அடுத்தவன் வருகிறான். நீங்கள் எண்பது ஆண்டு ஓட்ட வேண்டியதில்லை. ஒரு சாகசத்துக்கும் அடுத்ததற்கும் இடையில் ஒரு பருவத்தை விடுங்கள், அது போதும். "இந்த நான்கு மாதம் என்ன செய்தீர்கள், யாரோடு செய்தீர்கள்?" என்று ஒவ்வொருவரையும் கேளுங்கள். "யாரோடு" என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள்.

பாத்திரங்களுக்கு இடையிலான உறவைத் தாளில் எழுதவைப்பதும் பயன் தரும். 2012இல் வந்த டஞ்சன் வேர்ல்ட் என்ற ஆட்டம் இதற்கு ஒரு நேர்த்தியான வழி வைத்திருக்கிறது. ஒவ்வொருவரும் இன்னொரு பாத்திரத்தின் பெயரைச் சேர்த்து ஒரு வாக்கியம் எழுதிக்கொள்கிறார்கள்: இவனுக்கு நான் உயிர்க்கடன் பட்டிருக்கிறேன், இவள் எதையோ மறைக்கிறாள் என்பதுபோல. அமர்வின் முடிவில் அந்த வாக்கியம் தீர்ந்துவிட்டது என்று இருவரும் ஒப்புக்கொண்டால் அனுபவப் புள்ளி, பிறகு புது வாக்கியம். ஐந்தாம் பதிப்பின் தாளிலும் பிணைப்பு என்று ஒரு கட்டம் உண்டு, ஆனால் அதில் பெரும்பாலும் ஊரோ குருவோ தொலைந்த வாளோதான் எழுதப்படுகிறது, அருகில் உட்கார்ந்திருப்பவர் பெயர் எழுதப்படுவதில்லை. அந்த ஒரு கட்டத்தை அழித்துவிட்டு வலப்பக்கம் இருப்பவரைப் பற்றி எழுதச் சொல்லுங்கள்.

பாணனாக ஆடுபவரைப் பற்றி நீங்கள் ஒரே வரியில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அவரைப் பற்றித்தான் கவலை அதிகம். சமாதானம் பேசுபவர் யாரிடமும் குறை சொல்வதில்லை. ஒருநாள் வேலை அதிகம் என்று சொல்லி நின்றுவிடுவார். அவருடைய பாத்திரம் கடைசியாகத் தனக்கென்று எதை விரும்பியது என்று உங்களுக்கு நினைவிருக்கிறதா? இல்லையென்றால் அடுத்த இரண்டு அமர்வுகள் அவருடையவை. மேசையின் சமாதானத்தைப் பார்த்துக்கொள்வது டஞ்சன் மாஸ்டரின் வேலை, அதை அவர் தோளிலிருந்து இறக்குங்கள்.

மதகுருவாக ஆடுபவர் பாத்திரத்தை மாற்றட்டும், தயங்காமல் மாற்றட்டும். அலுத்துப்போன பாத்திரத்தை மரியாதைக்காக ஆடுபவர், காயம் ஆற்றும் வேலையைக் கணக்காகச் செய்துவிட்டு மனத்தை வேறெங்கோ வைத்திருப்பார். "மதகுரு போய்விட்டால் காயத்தை யார் ஆற்றுவது?" என்ற பயம் குழுவில் எழும். அதற்காக ஒருவரைக் கட்டிப்போடுவது நியாயமில்லை. மருந்துக் குப்பிகளை மலிவாக்குங்கள், அல்லது கூலிக்கு ஒரு சீடனைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பழைய விதிகளில் கூலியாட்களும் அடியாட்களும் எப்போதும் கூட வந்தார்கள். எஜமானன் செத்தால் அவர்களில் ஒருவனை ஆட்டக்காரர் தன் பாத்திரமாக எடுத்துக்கொள்வது சாதாரணம். உங்கள் மந்திரவாதியின் தாளில் பிக்பியின் கை என்ற மந்திரம் இருக்கக்கூடும், ஒன்பதாம் நிலையில்தான் அது கைக்கு வரும். அந்தப் பிக்பி முதலில் கைகாக்ஸின் மோர்டன்கைனன் என்ற மந்திரவாதி வசியம் செய்து அழைத்துவந்த ஒரு துணை ஆள். டென்சரின் மிதக்கும் தட்டு என்று இன்னொரு மந்திரம் உண்டு. கைகாக்ஸின் மகன் எர்னஸ்ட் தன் பெயரின் எழுத்துகளை மாற்றிப்போட்டு வைத்த பாத்திரப் பெயர் அது. அந்தப் பாத்திரங்கள் மேசையை விட்டுப் போய் ஐம்பது ஆண்டு ஆகப்போகிறது. பெயர்கள் நம் தாளில் இன்னும் இருக்கின்றன.

போகும் பாத்திரத்துக்கு அப்படி ஓர் இடம் உலகத்தில் இருக்க வேண்டும். எங்கள் முதல் மதகுரு ஆறாம் ஆண்டில் படகை விட்டு இறங்கினாள். கொள்ளைநோய் வந்துபோன ஓர் ஊரில் ஒரு மருத்துவ விடுதியை நடத்த விரும்புகிறாள் என்று அவளாக ஆடியவர் சொன்னார். ஓர் அமர்வு முழுவதும் அதற்கே கொடுத்தோம். பகடை மூன்று முறைதான் உருண்டது. மற்றவர்கள் ஒவ்வொருவராக அவளிடம் விடைபெற்றார்கள். திருடன் மட்டும் எதுவும் பேசாமல் அந்த வெள்ளி மோதிரத்தை எடுத்து மேசையில் வைத்தான். அதைத் திருப்பிக் கொடுக்க நான்கு ஆண்டு எடுத்துக்கொண்டிருந்தான். கணக்கு நோட்டில் அவளுடைய பச்சைக் கையெழுத்துக்கு எதிரே "பாக்கி இல்லை" என்று எழுதினார்கள். அந்த விடுதி இன்னும் அங்கே இருக்கிறது. குழு அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அவள் என்ன சொல்வாள் என்று நான் தீர்மானிப்பதில்லை, அவளாக ஆடியவரைத்தான் கேட்கிறேன்.

வரும் பாத்திரத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கூண்டில் கைதியாகக் கண்டுபிடித்து விடுவிப்பது, சத்திரத்தில் மூலையில் உட்கார்ந்திருந்த அந்நியன் என்று கொண்டுவருவது வேண்டாம். அப்படி வருபவர் குழுவுக்கு முதல் நாளே கடன்பட்டவராகவோ சந்தேகத்துக்குரியவராகவோ ஆகிவிடுவார். ஏற்கெனவே உள்ள இருவருக்குத் தெரிந்தவராக வரட்டும், ஒருவருக்கு உதவியவராக, ஒருவரிடம் உதவி பெற்றவராக. நிலையும் மற்றவர்களுக்குச் சமமாகவே இருக்கட்டும். போனவருக்குப் பதில் ஆள் என்று யாரும் நினைக்காதபடி, குழுவில் இதுவரை இல்லாத ஒரு தேவையோடு வர வேண்டும்.

சாவைப் பற்றியும் முன்கூட்டியே பேசிவிடுங்கள், ஏனென்றால் ஒன்பதாம் நிலையில் மதகுருவால் ஐந்நூறு பொன் மதிப்புள்ள வைரம் ஒன்றைக் கொண்டு, செத்துப் பத்து நாளுக்குள் இருக்கும் ஒருவரை எழுப்ப முடியும். முடியும் என்பதற்காக எழுப்பியாக வேண்டியதில்லை. எங்கள் வழக்கம், செத்த பாத்திரமாக ஆடியவரைத் தனியே அழைத்து, திரும்பி வர விருப்பமா என்று கேட்பது. விதியிலேயே அந்த ஆன்மா சம்மதிக்க வேண்டும் என்றுதான் இருக்கிறது. இருமுறை "வேண்டாம், அவன் போகட்டும்" என்ற பதில் வந்தது. அந்த இரண்டு சாவுகளையும் யாரும் மறக்கவில்லை.

கனடாவில் ராபர்ட் வார்டா என்ற வரலாற்றுப் பேராசிரியர் 1982இல் தொடங்கிய ஒரே கேம்பெயினை நாற்பது ஆண்டுகளைத் தாண்டியும் நடத்திவருகிறார். இத்தனை காலத்தில் அவர் மேசைக்குப் பலர் வந்தார்கள், போனார்கள், பாத்திரங்களும் அப்படியே. ஆனால் உலகம் ஒன்றுதான். உங்கள் மேசையிலும் ஒருவர் வேலை மாறி வேறு ஊருக்குப் போவார், ஒருவருக்குக் குழந்தை பிறக்கும். மூவர் வந்தாலும் ஆடுங்கள். வராதவருக்காக அமர்வைத் தள்ளிவைக்கத் தொடங்கினால் இரண்டு மாதத்தில் ஆட்டமே நின்றுவிடும். வராதவரின் பாத்திரம் படகைப் பார்த்துக்கொண்டிருக்கட்டும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை முதல் ஒரு மணி நேரம் பகடையை எடுக்காதீர்கள். இப்போதைய சாகசத்தை எங்கேயாவது ஒரு நல்ல இடத்தில் நிறுத்தி, நான்கு மாதம் கடந்துவிட்டது என்று சொல்லுங்கள். வீரனுக்கு அந்தக் கடவையையும் முப்பது பேரையும் கொடுங்கள். திருடிக்கு நகரத்தில் ஒரு பெட்டகம் இருப்பதாகச் செய்தி வரட்டும். குழுவுக்குச் சொந்தமாக எதைக் கொடுக்கலாம் என்று அவர்களையே கேளுங்கள், பாணனை முதலில் பேசவிடுங்கள். மதகுருவாக ஆடுபவரை மட்டும் சனிக்கிழமையே தொலைபேசியில் கூப்பிடுங்கள். பாத்திரத்தை மாற்ற விருப்பமா என்று கேட்காதீர்கள், தயங்குவார். "உங்கள் மதகுரு கடைசியில் எந்த ஊரில் போய்த் தங்குவாள்?" என்று கேளுங்கள். பதில் அவரிடம் தயாராக இருக்கும்.